முன்சக்கர வண்டிக்கு நான் வாங்கிய வக்காலத்து

பழைய கார் விற்கும் கடையில் நிற்பவருக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: வாங்க வந்தவர் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்ததை, நாமே யோசித்துச் சொன்னதுபோல அவரிடம் திருப்பிச் சொல்வது. இது எனக்குப் புரிவதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது. எந்தக் கடையிலாவது நின்று உண்மை பேசிப் பார்த்தவர்கள் உங்களில் இருந்தால், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

மாட்டு வண்டி

ராயப்பேட்டையில் என் சித்தப்பாவின் கடை. யுத்தத்தின்போது டிரைவர்களெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், வண்டிகளை நகர்த்தி வைக்க ஆளில்லாமல் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். யுத்தம் முடிந்த மறு வருஷம், பௌதிக ஆனர்ஸ் விடுமுறையில், வாங்க வருபவர்களை ஏற்றிக்கொண்டுபோய் ஓட்டிக் காட்டும் வேலையையும் கொடுத்தார். ஓடும் நிலையில் இருந்தவை இரண்டே வண்டிகள். கறுப்பு இங்கிலீஷ் வண்டியில், மற்ற வண்டிகளைப் போலவே, எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றும். புதுச்சேரியிலிருந்து வந்த சாம்பல் நிறப் பிரெஞ்சு வண்டியில் முன்சக்கரங்களைச் சுழற்றும். எனக்குச் சாம்பல் வண்டியின்மேல்தான் உயிர். ஆனால் அதைச் சீந்துவாரில்லை. மாதக் கடைசிக்குள் போகாவிட்டால், எஞ்சினைக் கழற்றித் தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் பம்புக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை இரும்புக் கடைக்கு அனுப்பப்போவதாகச் சித்தப்பா சொல்லிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மெக்கானிக் முனுசாமியிடம் முறையிட்டேன். முன்சக்கரம் இழுத்தால் வளைவில் வண்டி நாம் திருப்பிய பக்கமே வரும் என்பதைச் சாக்குக்கட்டியால் தரையில் படம் போட்டு விளக்கினேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, படத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

"முன்னால இருந்து இழுக்குது, சர்தான். அப்ப மாட்டு வண்டின்னு சொல்லு பாப்பா. அத்தப் போயி காருன்னு சொல்லிக்கினு கீறியே!"

வேறு வாய்

மயிலாப்பூரிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். மகன் சீமையிலிருந்து ஏதோ பத்திரிகை அனுப்பியிருந்தானாம். ஓட்டுகிற சுகம் எந்த வண்டியில் அதிகம் என்று தெரியவேண்டும் என்றார். கேட்டது சித்தப்பாவிடம். சித்தப்பா என்னைக் காட்டினார். நான் பதில் சொன்னேன். அடுத்த கேள்வியையும் அவர் சித்தப்பாவிடமே கேட்டார். இப்படிக் கேள்வி ஒரு பக்கமும் பதில் ஒரு பக்கமுமாக அரை மணி நேரம் போயிற்று.

பெட்ரோல் ரேஷன் கூப்பனுக்கு இருந்த பஞ்சத்திலும், இரண்டு வண்டியிலும் அவரை லஸ் வரை அழைத்துப்போய் வந்தேன். வழியில் ஸ்டியரிங்கின் கனம், வளைவின் நடத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். இறங்கியதும் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு சித்தப்பாவைத் தனியே அழைத்தார். தனியே என்றாலும் தெருக்கோடி வரை கேட்டது.

"அந்தக் குழந்தை சொல்றதெல்லாம் ரொம்ப நியாயமா இருக்கு, ஓய். இதையே சொல்றதுக்கு ஆம்பளை யாராவது இருக்காளா?"

மழை விட்ட பிறகு

நான் ஒரு பக்கமாகப் பேசுகிறவள் இல்லை. கறுப்பு வண்டிக்கும் நியாயம் உண்டு என்பதை முனுசாமியே எனக்குக் காட்டினார். ஒருநாள் மழை விட்டதும், "வா பாப்பா, அடையாறு வரிக்கும் போயி வரலாம்" என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டார். பாலம் தாண்டி வரும் வளைவில், "இப்ப மெதி!" என்று கத்தினார். ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வண்டியின் பின்பாகம் ஈரத்தில் வெளிப்பக்கமாக நழுவியது. ஸ்டியரிங்கைத் துளி எதிர்ப்பக்கம் திருப்பியதும் அடங்கி நேரே வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நாம் சொன்னபடி வரும் வண்டி ஒரு சுகம் என்றால், நம்மோடு சண்டை போட்டுவிட்டு வரும் வண்டி இன்னொரு சுகம்.

திரும்பும் வழியெல்லாம் இதை நான் ஒப்புக்கொண்டேன். எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன், எந்த இடத்தில் ஒப்புக்கொள்ளவில்லை, ஏன் என்று மயிலாப்பூர்க் குளம் வருகிறவரை சொன்னேன். முனுசாமி பின்னாலிருந்து பெருமூச்சு விட்டார்.

"தோத்துட்டேன்னு சொல்றதுக்குக்கூட உனுக்கு ஒரு லெக்சர் ஓணுமா பாப்பா?"

கண்ணை மூடிக்கொண்டு

மாதம் முடிய நாலு நாள் இருந்தபோது கோபாலபுரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ரிடையரான எஞ்சினீயர். மனைவி விசாலாட்சி அம்மாளுக்கு நாற்பதுக்குள்தான் இருக்கும். காய்ச்சலில் இரண்டு காலும் போய்ச் சக்கர நாற்காலியில் இருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் தகப்பனாரின் காரை அவரே ஓட்டியிருக்கிறாராம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று அந்த அம்மாளிடமே கேட்பதாகக் கணவர் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

முதலில் கறுப்பு வண்டி. படி உயரம், முனுசாமியும் அவர்கள் டிரைவருமாகத் தூக்கி வைத்தார்கள். தூக்குகிறபோது அந்த அம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் வண்டி தரையோடு தரையாக இருந்தது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றித் தானே நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு வண்டியிலும் அடையாறு வளைவு வரை போனோம். இரண்டு முறையும் அவர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். சாம்பல் வண்டி வளைவை விட்டு வெளியே வரும்போது மட்டும் இடது கையை மடியிலிருந்து எடுத்து, இல்லாத கியரைப் போட்டார்.

"போதும் கண்ணு, எனக்கு இதுதான்" என்றார். ஏன் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாதே.

"காலையில எழுந்ததிலேருந்து என்னை யாராவது பின்னாலேருந்து தள்ளிக்கிட்டேதான் இருக்காங்க. இது ஒண்ணுதான் முன்னாலேருந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகுது."

கேட்ட கேள்விக்குப் பதில்

கடைக்குத் திரும்பி, அந்த அம்மாள் நாற்காலிக்கு மாறிக்கொண்டிருந்த சமயம், கணவர் என்னிடம் வந்து, "உண்மையைச் சொல்லும்மா, இந்த வண்டியில குறையே கிடையாதா?" என்று கேட்டார். மரியாதையாக, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அந்த வேலையில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நான் சொன்னேன். குறுகிய தெருவில் திருப்ப முடியாது, ரெண்டு தரம் பின்னால் எடுக்கவேண்டும். மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங் கல் மாதிரி இருக்கும். முன்சக்கரத்தின் இணைப்பு தேய்ந்தால் பட்டணத்தில் சாமான் கிடைக்காது. இத்தனைக்கும் பிறகு இதுவே மேல் என்பதற்கு ஏழு காரணம் வைத்திருந்தேன். மூன்றாவதிலேயே அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் வந்து கறுப்பு வண்டிக்குச் செக் கொடுத்தார். "அம்மா சொன்னது அதை இல்லையே!" என்று கத்திவிட்டேன். சித்தப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். "ஓட்டப்போறது டிரைவர்தானேம்மா. அவளுக்கு உட்கார்ந்துகிட்டு வர்றதுதானே" என்றார் எஞ்சினீயர், பொறுமையாக.

வண்டியை எடுத்துப்போக அவர்கள் வந்த அன்று, முனுசாமி சாம்பல் வண்டியின் முன்மூடியைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு எஞ்சினுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். விசாலாட்சி அம்மாளைத் தூக்கி வைத்தார்கள். நான் ஜன்னலருகே போனேன். என்ன சொல்லப்போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவரே என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ சொன்ன குறையை எல்லாம் இவர் வீட்டுல ஒண்ணு விடாம ஒப்பிச்சார் கண்ணு. எனக்காக நீ ஒரு பக்கம் மட்டும் பேசியிருக்கக் கூடாதா?"

அந்த விடுமுறை முழுக்க ஒரு வாதத்திலும் நான் தோற்கவில்லை. விற்றிருக்கவேண்டிய ஒரே வண்டியைத்தான் விற்கவில்லை.