பொன் போன தட்டு

எங்கள் ஊரில் யார் கையில் பீங்கானைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். பிறகு விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காதைக் கிட்டே கொண்டுபோவார்கள். கணீரென்று கேட்டால் நல்ல சரக்கு. சத்தம் செத்துப்போய் வந்தால் உள்ளே எங்கோ விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். அது கழிவுக் குவியலுக்குப் போகும். விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையில், மின்கம்பத்தில் மாட்டுகிற இன்சுலேட்டர்களைத் தரம் பிரிக்கும் மேசைகளில் நாள் முழுக்க இந்தத் தட்டல்தான். என் கணவர் அங்கே ஒரு கம்பெனியில் சூளைப் பொறுப்பாளர். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காபி வந்த சாசரைத் தட்டிப் பார்த்தவர். என் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அதனால்தான் சரி என்றேன்.

நான் கணக்கு டீச்சர். எனக்குப் பழைய சீன, ஜப்பானியக் கலைப்பொருட்கள் மேல் பைத்தியம். "ஊரே பீங்கான் செய்யுது, நீங்க வெளியூரு போயி உடைஞ்ச பீங்கான வாங்கிட்டு வரீங்க" என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். லீவு நாளில் பஸ் பிடித்துப் புதுச்சேரி போய்விடுவேன். அந்தக் காலத்தில் வியட்நாமில், சைகோன் நகரத்தில், பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் கப்பலில் கொண்டுவந்த ஜாடிகளும் தட்டுகளும் அங்கே பல வீடுகளில் இருந்தன. வீட்டை விற்கும்போது அவையும் விலைக்கு வரும்.

டாக்டரம்மாவை அப்படி ஒரு வீட்டில்தான் பார்த்தேன். கண் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். நீல டிராகன் போட்ட ஒரு சீன ஜாடியை அவரும் நானும் ஒரே சமயத்தில் பிடித்துவிட்டோம். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. கடைசியில் அவர் சிரித்து, "எடுத்துக்குங்க, என் வூட்டுல இதவிட நல்லது இருக்குது" என்றார். போய்ப் பார்த்தேன், பொய்யில்லை. எல்லாம் அவர் அப்பா சைகோனிலிருந்து கொண்டுவந்தவை. பாலேட்டு நிறத்தில் ஜப்பான் பூச்சாடிகள். செம்பின் மேல் வண்ணக் கண்ணாடியை உருக்கிப் பதித்த ஒரு சீனக் கூஜா. கறுப்பு அரக்குப் பெட்டி, அதன் மூடியில் தங்கத்தூளால் எழுதிய கொக்குகள். அதற்குப் பிறகு புதுச்சேரி என்றாலே எனக்கு அவர் வீடுதான். கிளம்பி வர மனசே வராது.

ஒரு முறை நானும் என் கணவரும் கிளம்பும்போது, டாக்டரம்மா ஜப்பான் தட்டு ஒன்றைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "வெச்சுக்குங்க. எப்படிப் பாத்துக்கறீங்கன்னு பாக்கறேன்" என்றார். நீலத்தில் ஒரு பாறை, அதிலிருந்து கிளம்பும் நீலக் கிளைகள், கிளை நிறையச் சிவப்புப் பூக்கள், பூக்களுக்கு மேல் வாலை விரித்துப் பறக்கும் ஒரு தங்கப் பறவை. விளிம்பிலிருந்து நடுவரை முடி மாதிரி ஒரு விரிசல். பஸ்ஸில் என் கணவர்தான் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் தட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும், சொல்லவா வேண்டும், தட்டிப் பார்த்தார்.

"விரிசல் இருக்குது. இத எதுக்குக் குடுத்தாங்க?"

சேகரிக்கிறவர்களுக்கு அது குறையில்லை, அதன் வயசு என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை, பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கொஞ்ச காலம் கழித்து டாக்டரம்மா போன் செய்தார். பாரிஸில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறார். மகளுக்கு இந்தப் பொருட்கள் வேண்டாமாம். "எனக்கு விக்க மனசில்ல. பாத்துக்கற ஒருத்தர்கிட்ட குடுத்துட்டுப் போகணும். காரைக்கால்ல ஒருத்தர் கேட்டிருக்காரு. உங்க வூட்டுக்கும் வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அந்தக் கொக்குப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வரலாம். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைப் பார்க்கலாம். இதைவிடப் பெரிதாக எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி செய்யச் சொன்னோம். ஒவ்வொரு தட்டுக்கும் ஜாடிக்கும் அளவாக ஃபோம் வெட்டி அடியில் ஒட்டியது என் கணவர்தான். கத்தி கொஞ்சம் கோணினாலும் கிழித்துப்போட்டு வேறு வெட்டுவார்.

டாக்டரம்மா வரவேண்டிய வாரத்தில் எனக்குத் திட்டக்குடியில் பரீட்சை டூட்டி. விடியக் கிளம்பி இருட்டித் திரும்புவேன், அலமாரியைத் திறந்து பார்க்கவே நேரமில்லை. அவர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என் கணவர் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம். சாப்பாட்டு மேசையில் வைத்துத் துண்டை விலக்கி, முட்டியால் தட்டினார். கணீரென்று கேட்டது.

"இப்ப கேளு. விரிசல் சுத்தமா போயிடுச்சு. நாளைக்கு அவங்க தட்டிப் பாத்தா அசந்துடுவாங்க."

எங்கள் ஊர்க்காரர் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. விரிசலில் மண் கரைசலை இழைத்து அடைத்து, மேலே கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சைப் பூசி, இன்சுலேட்டர்களோடு சேர்த்துச் சூளைக்குள் வைத்துவிட்டார். அவர் கம்பெனியில் வெள்ளையும் பழுப்பும் தவிர வேறு நிறம் கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே சூடு. இந்தத் தட்டில் நீலம் மட்டும்தான் கிளேஸுக்கு அடியில் இருந்தது, அதனால் நின்றுவிட்டது. சிவப்பும் தங்கமும் கடைசியில் மேலே எழுதி, இளஞ்சூட்டில் பிடிக்கவைத்தவை, அந்தப் பெருஞ்சூட்டில் நிற்கவில்லை. பறவை இருந்த இடம் வெறும் வெள்ளை. பூக்கள் இருந்த இடத்தில் டீக்கறை மாதிரி சில திட்டுகள். பூவில்லாத கிளைகள் மட்டும் நீலமாக நின்றன. தட்டு லேசாக வளைந்து மேசையில் ஒரு பக்கம் ஆடியது.

"கலரு கொஞ்சம் போயிடுச்சு" என்றார், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "அது மேல பூசுனதுன்னு நான் நெனைக்கல."

"யாரு கேட்டாங்க உங்கள?" என்றேன். "இனிமே என் அலமாரிப் பக்கம் வராதீங்க. எதையும் தொடாதீங்க."

கெடுதல் நினைத்துச் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன். நல்லது நினைத்துச் செய்தவரை என்ன செய்வது? அதுதான் எனக்கு அதிக எரிச்சல். தட்டைப் பரண் மேல் ஏற்றிவிட்டு, தோழி ஒருத்தி பார்க்க வாங்கிப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடலாம் என நினைத்தேன். அவர் ஒப்பவில்லை. "அவங்க குடுத்த பொருளு. நானே சொல்லிடறேன்" என்றார்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். டீயைக் குடித்து முடித்தவுடனே இவர் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "நான்தாங்க சூளையில வெச்சேன். விரிசல சரி பண்ணலாம்னு நெனைச்சேன். தப்பாப் போச்சு" என்றார்.

டாக்டரம்மா பறவை இருந்த இடத்தை விரலால் தடவினார். அவர் அப்பாவின் சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த தட்டு அது. எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை. பிறகு எழுந்து அலமாரியைப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார், ஃபோமை அமுக்கிப் பார்த்தார், என் நீல டிராகன் ஜாடியை எடுத்து அதே இடத்தில் திரும்ப வைத்தார்.

"எடம் நல்லா இருக்குது" என்றார். "காரைக்கால்காரர்கிட்ட காசு இருக்குது, கண்ணு இல்ல. உங்ககிட்ட கண்ணு இருக்குது. எல்லாத்தையும் உங்களுக்கே குடுத்துடறேன்."

கொக்குப் பெட்டியை எந்த அடுக்கில் வைப்பது என்று என் கண் அலமாரிக்குள் ஓடியது.

"ஒண்ணே ஒண்ணு. அலமாரி சாவி உங்ககிட்டதான் இருக்கணும். இவரு கை எதுலயும் படக்கூடாது. அந்த வார்த்தைய எனக்குக் குடுங்க."

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இதைவிடக் கடுமையாகக் கேட்டிருப்பேன். முந்தின நாள் நானே சொன்னதுதான் அது.

"அதுக்கென்னங்க, தொட மாட்டேன்" என்றார் என் கணவர். சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நாற்பது சூளையாட்களை மேய்க்கிற மனுஷன், தன் வீட்டுக் கூடத்தில், தான் வெட்டி ஒட்டிய ஃபோமுக்கு எதிரில், வகுப்பில் தப்பு செய்துவிட்டு நிற்கிற பையன் மாதிரி நின்றார். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. முந்தின நாள் கோபமெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

"அப்படின்னா வேண்டாங்கம்மா" என்றேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

"யோசிச்சுட்டேங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்து, "சரி" என்றார். கார் வரை போய் வழியனுப்பினோம். அந்த மாதமே எல்லாம் காரைக்காலுக்குப் போய்விட்டது. டாக்டரம்மா பாரிஸிலிருந்து பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்கிறார், அந்தப் பொருட்களைப் பற்றி இரண்டு பேருமே பேசுவதில்லை.

கார் போனதும் நான் அடுக்களைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு டீ கிளாஸ் கழுவினேன். அவர் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றார்.

"ஏன் வேண்டாம்னு சொன்ன? நான்தான் தொட மாட்டேன்னு சொல்லிட்டேனே."

"அத நான் சொல்லலாம். அவங்க யாரு சொல்றதுக்கு?"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றாகவே அழுதேன். அவர் பக்கத்தில் வந்து, ஈரக் கையென்றும் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி, வுடு, என்னா இப்ப, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்றார். தனக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் அழுதது அந்தக் கொக்குப் பெட்டிக்காக. இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.