ஹொலோ பொயின்ற் தெரிவு செய்த புதன்கிழமை

அந்த வருடம் துப்பாக்கிச் சன்னங்களைப் பற்றி வாசித்த அளவுக்குப் பாடப் புத்தகத்தை வாசித்திருந்தால் வகுப்பிலேயே நான்தான் முதல் ஆள். டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு, வீடு பக்கத்து நகரமான வைலேயில். கூடப் படித்த டேனிஷ்காரன் ஒருவன் என்னைத் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்த்துவிட்டிருந்தான். வீட்டில் பட்மின்ரன் என்று சொல்லி வைத்திருந்தேன். ரக்கெற் பைக்குள் ரக்கெற் இல்லை, காது மூடியும் கண்ணாடியும்தான். பையன் வியர்த்து விளையாடிவிட்டு வருகிறான் என்று அம்மாவுக்குச் சந்தோஷம். அப்பாவுக்கு எந்தச் சந்தோஷமும் அப்போது இல்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார்.

ஊரில் சண்டையின் கடைசி மாதங்கள் அவை. அம்மாவின் தங்கை, என் சித்தி, இரண்டு பிள்ளைகளோடு முள்ளிவாய்க்கால் பக்கம் போய்க்கொண்டிருந்தார். போய்க்கொண்டிருந்தார் என்பதுதான் சரி. ஒவ்வொரு முறை பேசும்போதும் வேறு ஓர் இடத்தின் பெயர் சொல்வார். அங்கே யாரோ ஒருவரிடம் செய்மதித் தொலைபேசி இருந்தது. சனம் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிடம் பேசும்.

அதனால் இங்கே எங்கள் சனத்தின் வீடுகளில் எல்லாம் போன் டியூட்டி நடந்தது. யார் எந்த நேரம் போனைக் கையில் வைத்திருப்பது என்று ஆள் பிரித்துக்கொள்வோம். அம்மாவும் அப்பாவும் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை. அங்கே போனை அலுமாரிக்குள் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆகவே காலை டியூட்டி எனக்கு. நானே கேட்டு வாங்கியது. மாசியில் சித்தியின் அழைப்பு வந்தபோது அம்மாவின் கையிலிருந்து போனைப் பறித்துப் பெரிய ஆள் மாதிரிக் கதைத்தேன்.

"சித்தி, இனி என்ரை நம்பருக்கே அடியுங்கோ. வேறை நம்பர் ஒண்டும் தேவையில்லை. நான் எப்பவும் எடுப்பன்."

"நீ வகுப்பில இருப்பாயேடா."

"வகுப்பென்ன, கக்கூசில இருந்தாலும் எடுப்பன்."

சித்தி சிரித்தார். அவருடைய ஒரு நிமிடத்தில் ஐந்து செக்கன் அந்தச் சிரிப்பில் போனது.

இனி சன்னக் கதை. எங்கள் கழகத்தில் சிலர் தோட்டாவைத் தாங்களே செய்வார்கள். சுட்ட வெற்றுக் கோதை எடுத்துத் துப்பரவாக்கி, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, மேலே புதுச் சன்னத்தை இருத்துவது. என் நண்பனுக்கு அதற்கு அனுமதிப்பத்திரம் இருந்தது, நான் அவனுக்கு ஒட்டுண்ணி. எல்லாரும் உருண்டை முனைச் சன்னம் போடும்போது எனக்கு ஹொலோ பொயின்ற்தான் வேண்டும் என்று பிடிவாதம். முனையில் குழி இருக்கும். உடம்பில் பட்டதும் பூ மாதிரி விரிந்து உள்ளேயே நின்றுவிடும். அமெரிக்கக்காரர்களின் இணையப் பக்கங்களில் இதற்குத் தற்காப்புத் தோட்டா என்று பெயர். ஜெலிக் கட்டிக்குள் சுட்டு, எது எவ்வளவு விரிகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து போடுவார்கள். நான் பின்னேரம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் அப்பா ஊர்ப் படங்கள் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு திரையிலும் ஒரே விசயந்தான் ஓடுகிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

நண்பன் ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டான், யாரிடமிருந்து உனக்குத் தற்காப்பு என்று. நியாயமான கேள்வி. வைலேத் தெருவில் துப்பாக்கியோடு நடக்கவே முடியாது, சுடுவது வெறும் காகிதத்தை. தற்காப்புக்கு என்று பொலிசுக்கு எழுதிக் கொடுத்தால் அனுமதியும் போய்விடும். கடற்கரையில் சொசேஜைப் பறிக்கும் கடற்காகங்களிடமிருந்து என்று பகிடி விட்டுச் சமாளித்தேன். ஏதோ ஒன்றை நான் சரியாகத் தெரிவு செய்யவேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான்.

வைகாசியில் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி போல, மூன்று வகைச் சன்னம் வந்துவிட்டது என்று அவன் எழுதினான். பாரமில்லாதது, நடுத்தரம், பாரமானது. வகுப்பை வெட்டினேன். இருபது நிமிட வேலை என்று கணக்குப் போட்டேன்.

தோட்டா செய்யும் அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. போன் உள்ளே வரக்கூடாது. நடுவில் யாராவது கூப்பிட்டால் கவனம் சிதறி ஒரே கோதுக்குள் இரண்டு முறை மருந்து போட்டுவிடுவாய், துப்பாக்கி கையில் வெடிக்கும். வாசலுக்கு வெளியே ஒரு மரப்பெட்டி, அதற்குள் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். நான் போட்டேன். போடும்போது டியூட்டி ஞாபகம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சத்தத்தைக் கூட்டி வைத்தேன். கதவு தடித்த கதவு.

பாரமில்லாத சன்னத்தின் குழிதான் ஆக அகலம். படத்தில் அதுதான் ஆக அழகாக விரிந்தது. ஆனால் எங்கள் கைத்துப்பாக்கி அதை விழுங்க மறுத்தது. மருந்தில்லாத வெறும் தோட்டாவாகச் செய்து கொடுத்துப் பார்த்தோம், குழியின் விளிம்பு குழல் வாசலில் போய்க் கொழுவிக்கொண்டது. கொஞ்சம் உள்ளே இருத்தினோம், திரும்பவும் கொழுவியது. பாரமானது போனது, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் நடுத்தரம். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. இருவரும் கையோடு கை அடித்துக்கொண்டோம். பிறகு ஐம்பது செய்தோம், ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்து. அவ்வளவு கவனமாக நான் வாழ்க்கையில் எதையுமே செய்ததில்லை.

வெளியே வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. திரையில் மூன்று தவறிய அழைப்புகள். எண்பத்தெட்டில் தொடங்கும் நீண்ட எண், அந்தச் செய்மதித் தொலைபேசி. மூன்றும் நாலு நிமிடத்துக்குள்.

திருப்பி அடித்தேன். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், இந்த இணைப்பு இப்போது கிடைக்காது என்றது. பதினேழு தரம் அடித்தேன். பதினேழு தரமும் அவள் அதே மரியாதையோடு சொன்னாள். நண்பன் என்ன நடந்தது என்று கேட்டான். ஒன்றுமில்லை, வீட்டில் தேடுகிறார்கள் என்றேன். சித்திக்கு ஒரு நிமிடந்தான் கிடைக்கும் என்பதை டேனிஷில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே இல்லை. மூன்று தரம் அடிக்க, பின்னால் நின்ற சனத்திடம் அவர் எவ்வளவு கெஞ்சியிருப்பார் என்பதைத்தான் யோசித்தேன்.

மூன்று மணிக்கு அம்மா வந்தார். சப்பாத்தைக் கழற்ற முன்னரே கேட்டார்.

"அடிச்சவளோ?"

"இல்லை அம்மா."

"போன் கையிலதானே இருந்தது?"

"ஓம். கையிலதான்."

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் போன் எங்கே இருந்தது என்று சொல்லவேண்டும், பிறகு பட்மின்ரன், பிறகு சன்னம். ஊரில் சன்னம் பட்டுச் சாகிற நேரத்தில் எந்தச் சன்னம் நன்றாக விரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்து எந்த வாயால் சொல்வது? நாளைக்குத் திரும்ப அடிப்பார், அப்போது எல்லாம் சரியாகும் என்று நினைத்தேன். போனைக் குளிக்கிற இடத்துக்கும் கொண்டுபோனேன். அடுத்த வாரம் சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. அப்பா எழும்பி அதை நிறுத்தினார். பிறகு சில நாள் வீட்டில் ஒருவரும் அதைப் போடவில்லை.

என் போனில் தவறிய அழைப்புகள் இருபதுதான் நிற்கும். புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று கீழே விழுந்துவிடும். அந்த மூன்றும் விழக்கூடாது என்று வருகிற எல்லா அழைப்பையும் முதல் மணியிலேயே எடுத்தேன். நண்பனுக்கு, எனக்கு அடிக்காதே, எழுது என்றேன். அவன் ஒருநாள் எழுதினான், நாங்கள் செய்த தோட்டா அருமை, சுட்ட ஐந்தும் ஒரே ஓட்டைக்குள் போயின என்று. நான் கழகத்துக்குத் திரும்பப் போகவில்லை. அப்படியும் சில அழைப்புகள் தவறின, கொஞ்சம் கொஞ்சமாக அந்த மூன்றும் பட்டியலின் அடிக்கு இறங்கின. கடைசி ஒன்றைத் தள்ளி விழுத்தியது அம்மாவின் அழைப்பு. கடையில் நின்று பால் எத்தனை பெட்டி என்று கேட்க அடித்திருந்தார், நான் சைக்கிளில் இருந்தேன்.

சனத்தை அடைத்து வைத்த முகாம்களிலிருந்து வந்த பெயர்களில் சித்தியின் பெயர் இல்லை. பிள்ளைகளின் பெயரும் இல்லை. இலை கொட்டத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, பக்கத்துப் புளொக் அன்ரி வந்து குசினியில் இருந்தார். அவருடைய தமையன் கடைசி வாரத்தில் அங்கிருந்து போன் எடுத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தாராம். அன்ரி அழுதார். அம்மா அழவில்லை, வெங்காயம் வெட்டிக்கொண்டே கதைத்தார்.

"எல்லாற்றை ஆக்களும் ஒருக்காவாவது அடிச்சவை. இவளுக்கு மட்டும் எங்கடை ஞாபகம் வரேல்லை."

அன்ரி அப்படிச் சொல்லக்கூடாது என்றார். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"என்னப்பு, நீ குடுத்த நம்பரை அவள் எழுதி வச்சிருப்பாள்தானே?"

கத்தி பலகையில் நின்றிருந்தது.

"துலைச்சிருப்பா அம்மா," என்றேன்.

அம்மா தலையாட்டிவிட்டு மிச்ச வெங்காயத்தை வெட்டினார்.