உத்தரத்தில் ஒரு கம்பு

அன்று சிலம்பக்கூடத்தில் இருந்தது வாத்தியார், என்னோடு கம்பு சுற்றிய பாண்டியின் அப்பா, நான், மூன்றே பேர்தான். போடியில் காசு வாங்கிச் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர் வாத்தியார். காது மடல் கிழிந்த, ஒல்லியான மனிதர். மாதக் காசு கொடுக்காதவன் கம்பை உத்தரத்தில் செருகிவிடுவார். பாக்கி தீர்ந்தால்தான் இறக்குவார். என் கம்பும் மேலே போய்விடுமோ என்று எனக்கு எந்நேரமும் பயம்.

குரங்கணி ஏலக்காட்டில் காய்ச்சல் கண்டு பாண்டி செத்துப்போயிருந்தான். அவன் கம்பு உத்தரத்தில் இருந்தது. அவன் அப்பா பாக்கிப் பணத்தோடு வந்திருந்தார்.

“எம்மகன் கடனோட போகக்கூடாது. வாங்கிக்கிட்டுக் கம்பைக் குடுங்கண்ணே.”

வாத்தியார் கை நீட்டவில்லை.

“அரையணா விடமாட்டீகளே, இப்ப மட்டும் என்ன?”

“வாங்கிட்டா அவன் கணக்கு முடிஞ்சுபோகும் அப்பு. பாக்கி இருக்கிற வரைக்கும் அவன் எங்கூடத்துப் பயதான்.”

கூடத்தை ஒரேயடியாக மூடிய அன்றும் அந்தக் கம்பை அவர் இறக்கவில்லை. பாக்கி இரண்டு ரூபாய்.