தலை எண்ணிய நாளில் ஒரு சிவப்புக் கோடு

12 ஜூன் 2023, திங்கட்கிழமை, காலை 6.40

குறிப்பு எண் 4: தமிழ்ப் பிரிவும் தலை எண்ணலும்

பள்ளியின் பழைய மாணவியர் குழுவினருக்கு,

மழையில் நனைந்த சுக்கின் வாசனை. மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளிலிருந்து அது நம் பெண்கள் பள்ளியின் அலுவலகம் வரை வரும். நான் அங்கே குமாஸ்தாவாக இருந்தேன். 11 ஜூலை 1978 அன்றும் அந்த வாசனை வந்தது.

(அன்று செவ்வாய்க்கிழமை. திங்கள் என்று சென்ற வாரம் குழுவில் ஒருவர் எழுதியது பிழை.)

ஆண்டுதோறும் கல்வி அதிகாரி வந்து தலை எண்ணுவார். குறைந்தபட்சக் கணக்குக்கு ஒரு தலை குறைந்தாலும் தமிழ்ப் பிரிவு போகும். அதில் பாடம் எடுத்த ஜானகி டீச்சரின் வேலையும் போகும். அவர் வீட்டில் சம்பளம் வாங்கியவர் அவர் ஒருவரே.

நாலாம் வகுப்பு செல்வி ஜூன் 20 முதல் வரவில்லை. தொடர்ந்து பதினைந்து வேலை நாள் வராத பெண்ணின் பெயரை நீக்க வேண்டும் என்பது விதி. ஜூலை 10 மாலை எண்ணிப் பார்த்தேன். பதினைந்து. சிவப்பு மையால் அடித்து, பதிவேட்டைத் தலைமையாசிரியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவளோடு சேர்த்தால்தான் தலை சரியாக வரும் என்பது எனக்கு அன்றிரவு உறைக்கவில்லை...

மறுநாள் காலை, அம்மைத் தழும்போடு செல்வி வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி எண்ணினார். பதிவேட்டில் இருந்ததைவிடப் பெஞ்சில் ஒரு தலை அதிகம்.

"ஏது குட்டியாணு இது? எண்ணறதுக்குன்னு எங்கேருந்து கொண்டுவந்து உட்கார வெச்சீங்க?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

அந்நாளில் சில பள்ளிகள் அப்படிச் செய்ததுண்டு. தலைமையாசிரியையின் முகம் வெளுத்தது. பெயரைக் கேட்டதும் செல்வி பயத்தில் பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொண்டாள். ஜானகி டீச்சர் சாக்பீஸைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

பேசினால் என் வேலை, பேசாவிட்டால் அவர் வேலை என்றுதான் நினைத்தேன்.

"சார்... இவ இங்கே படிக்கற குட்டிதான். பேரை அடிச்சது நான். எங்கேயோ தப்பா எண்ணிட்டேன்."

அவர் பதிவேட்டில் விரலை வைத்து நாள் நாளாக நகர்த்தினார். ஜூன் 28-இல் விரல் நின்றது.

"சாமி, இது மழைக்கு லீவு விட்ட நாளல்லே? இதையும் எண்ணியோ? ஒண்ணாம் கிளாஸ்ல போய் இருந்நோளூ, உட்கார்ந்து எண்ணப் படிங்க!"

பதினான்குதான். வகுப்பே சிரித்தது. கோட்டின் பக்கத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்திட்டேன்; தலை சரியாக வந்தது. அந்தக் கையெழுத்து என்னுடையது போலவே இல்லை.

ஜானகி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. வராந்தாவில் மெல்லச் சொன்னார்: "இனிமே ஒருத்தி பேரை அடிக்கறதுக்கு முன்னாடி என்னண்ட ஒரு வார்த்தை கேளுங்கோ, சார்."

அதன்பின் ஒவ்வொரு முறையும் கேட்டேன். அவர் 31 மார்ச் 1985 அன்று ஓய்வு பெற்றார். மறு ஆண்டு தமிழ்ப் பிரிவு மூடப்பட்டது.

சென்ற மாதம் பள்ளிக்குப் போயிருந்தேன். கணினியே எண்ணிவிடுகிறதாம், பயமே இல்லை என்றாள் அலுவலகப் பெண். நாலாம் வகுப்பு இருந்த அறையில் பழைய பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் அவற்றை எண்ணவில்லை.

இணைப்புகள்:
1. வகுப்புப் படம், 1978. செல்வி முன்வரிசையில், வலமிருந்து மூன்றாவது.
2. ஜானகி டீச்சரின் பிரிவுபசாரப் படம், 1985. சிரிக்கிறார்.