கைதட்டல் எட்டாத இடம்: அப்பாவுடன் தென்காசி, குற்றாலத்தில் இரண்டு நாள்

போன ஆடி மாதம், ஒரு செவ்வாயும் புதனுமாக இரண்டு நாள், அப்பாவைக் கூட்டிக்கொண்டு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் போனேன். போனது பஸ்ஸில். வீடு திரும்பியது ஆம்புலன்ஸில். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அருவிப் படங்களுக்காக இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், படம் ஒன்றுகூட நான் எடுக்கவில்லை. நடக்கத் தடுமாறும் ஒருவரைச் சீசனுக்கு அழைத்துப்போக நினைப்பவர்கள் மட்டும் கடைசிவரை வாசியுங்கள்.

அப்பாவுக்கு ஐந்து வருடமாகப் பார்க்கின்சன் நோய். திருவேங்கடத்தில் ஒரு கமிஷன் கடையில் லோடுமேனாக இருந்தவர். நடுக்கம் என்றுதான் எல்லோரும் இந்த நோயைப் பற்றி நினைக்கிறார்கள். அவரை முடக்கியது நடுக்கம் இல்லை. நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு போகப் பார்க்கும், கால் வராது. ஒரு வாசல்படி போதும், ஒரு குறுகலான இடம் போதும், பின்னாலிருந்து யாராவது அவசரப்படுத்தினால் போதும்.

அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் அக்கா ஒருவர்தான் முதன்முதலில் எங்களுக்கு வழி காட்டினார். அப்பா கதவருகே உறைந்து நின்றபோது, சற்றுத் தள்ளி நின்று ஒரே சீராகக் கைதட்டினார். நான்காவது தட்டில் அப்பாவின் வலது கால் எழும்பியது. பிறகு இடது கால். அறையின் மறுகோடிவரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தார், அவருக்கே நம்ப முடியவில்லை.

“நமக்கெல்லாம் நடக்கும்போது உள்ளுக்குள்ள ஒரு தாளம் தானா ஓடிட்டே இருக்கும்மா. அப்பாவுக்கு அது விட்டு விட்டுப் போகுது. வெளிய இருந்து குடுத்தோம்னா காது வழியா கால் புடிச்சுக்கிடும்,” என்றார் அந்த அக்கா. அடுத்து இன்னொன்றும் சொன்னார். “நின்னுட்டாங்கன்னா இழுக்கவே கூடாது. இழுத்தா மேல் உடம்பு மட்டும் வரும், கால் அங்கனயே நிக்கும். விழுந்துருவாங்க.”

அன்றிலிருந்து வீட்டுக்குள் என் போனில் ஒரு தாளச் செயலி ஓடும், நிமிடத்துக்கு எழுபத்திரண்டு தட்டு. அம்மா கரண்டியால் டம்ளரில் தட்டுவாள். தெருவில் நான் கைதட்டுவேன். அது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. கல்லூரியில் மூன்று வருடம் வருகைப் பதிவுக்கு என் குரல் ஆசிரியருக்குக் கேட்டதில்லை, பக்கத்தில் இருப்பவள்தான் எனக்காகச் சொல்வாள். தெருவில் அப்பாவுக்கு மட்டும் கேட்கும்படி, இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்டப் பழகிக்கொண்டேன்.

குற்றாலம் அப்பாவின் ஆசை. மூட்டை தூக்கிய காலத்தில் ஒவ்வொரு சீசனுக்கும் லோடு வேனில் எட்டுப் பேராகப் போவார்களாம். “அந்தத் தண்ணி தலையில அடிக்க அடியில உடம்பு வலி எல்லாம் ஓடிரும். ஒரு தடவ உள்ள நின்னுட்டு வந்துட்டேன்னா எனக்குச் சரியாப் போயிரும்ட்டி,” என்று ஆனி பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன். கைதட்டலே காலைத் தூக்க வைக்கிறது என்றால் அருவியின் சத்தம் ஏதாவது செய்யாதா என்று நினைத்தேன். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம்.

செவ்வாய் காலை 6.40க்குத் திருவேங்கடத்தில் பஸ். சங்கரன்கோவிலுக்கு ஐம்பது நிமிடம். அங்கே தென்காசி பஸ்ஸில் ஏறும்போது அப்பா படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார். பின்னால் பத்துப் பேர்.

“ஏறுங்க அண்ணாச்சி, என்ன யோசனை? சொத்து எழுதிக் குடுக்கவா போறீய?” என்றார் கண்டக்டர்.

நான் மெல்லத் தட்டினேன். முன் சீட்டில் இருந்த ஒரு பெண், “ஏ தாயி, என்னத்துக்குக் கை தட்டுத?” என்றாள். அப்பாதான் நின்ற நிலையிலேயே, “எம் மக எனக்கு ரைட்டு குடுக்கா,” என்றார்.

“பெறவு நான் எதுக்கு இருக்கேன்?” என்ற கண்டக்டர், பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கித் தட்ட ஆரம்பித்தார். தப், தப், தப். அப்பா ஏறிவிட்டார். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், ஆனால் எனக்கும் சிரிப்புதான். புளியங்குடி, கடையநல்லூர் வழியாக ஒன்றே முக்கால் மணி நேரம். இந்தப் பயணத்தில் நன்றாக நடந்த பாதி இதுதான், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

சீசனில் குற்றாலத்தில் அறை விலை கட்டுப்படியாகாது. தென்காசியில், கோயிலுக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில் எழுநூறு ரூபாய்க்கு ஒரு அறை எடுத்தேன். பாத்ரூம் படி எவ்வளவு உயரம், உட்காரும் கழிப்பறை உண்டா என்று போனிலேயே கேட்டிருந்தேன். நேரில் கேட்டிருக்க மாட்டேன்.

மாலை ஐந்தரைக்குக் கோயிலுக்குப் போனோம். கோபுர வாசலில் எப்போதும் அடிக்கிற காற்று அப்பாவின் வேட்டியைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. உள்ளே பூஜை நேரத்தில், மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் சேர்ந்து முழங்கத் தொடங்கின. மனிதர் யாரும் அடிக்காத, கொஞ்சமும் பிசகாத அடி. அப்பா என் கையை விட்டார். பிரகாரத்தில் நடக்க ஆரம்பித்தார். திரும்புகிற மூலையில் நிற்பார் என்று ஓடினேன், நிற்கவில்லை. தோள் நிமிர்ந்து, இரண்டு கையும் வீசி, மூட்டை இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற ஆள் மாதிரி நடந்தார். எனக்கு முன்னால் நடந்தார். அவர் முதுகைப் பார்த்தபடி நான் பின்னால் நடந்து எத்தனை வருடம் ஆகியிருந்தது.

பூஜை முடிந்து மோட்டார் நின்றது. தூக்கிய காலைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். ஒரு தூணை எட்டிப் பிடித்துக்கொண்டு, “கரண்டு போயிட்டு பிள்ள,” என்று சிரித்தார்.

நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். நடை அவருக்குத் திரும்பி வரவில்லை, சத்தம் இருக்கும்வரை இரவல் கிடைத்தது, அவ்வளவே. எனக்கோ அது நல்ல சகுனமாகத் தெரிந்தது. வழியில் நான்கு இட்லி சாப்பிட்டார். நாளைக்கு அருவி என்று சப்ளையரிடமும் சொன்னார்.

புதன் காலை 6.30க்குக் குற்றாலம் டவுன் பஸ். எனக்கு மகளிர் இலவசம், அப்பாவுக்குப் பத்து ரூபாய். இருபது நிமிடத்தில் இறங்கினோம். அங்கிருந்து பேரருவிக்கு அரை கிலோமீட்டர்கூட இருக்காது, எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆனது. நேந்திரங்காய் சிப்ஸ் கடைகள் இருக்கும் இடம்வரை என் இரண்டு விரல் தட்டு போதுமானதாக இருந்தது. பழக்கடைகள் தாண்டியதும் அப்பா நின்று, “சத்தமாத் தட்டு,” என்றார். முழுக் கையால் தட்டினேன். ஈரத் துண்டோடு திரும்பி வந்தவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். இன்னும் கொஞ்சம் தூரத்தில் அவர் காதருகே கையைக் கொண்டுபோய்த் தட்ட வேண்டியிருந்தது.

அருவிச் சத்தம் மனதை ஆற்றும் என்று நானும் எத்தனையோ இடங்களில் வாசித்திருக்கிறேன். ஆற்றலாம். ஆனால் அதில் தாளம் இல்லை. எங்கே ஒரு அடி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் அது மூடிவிடுகிறது. இதை நான் அங்கே நின்றபிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை மறந்திருந்தேன். பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். எல்லோருக்கும் தெரிந்தது, கல்லூரித் தோழிகளோடு வந்து குளித்த எனக்கும் தெரியும். பாத்ரூம் படியின் உயரம்வரை விசாரித்தவளுக்கு, ஆண்கள் பக்கத்தில் அப்பாவுக்கு யார் கைதட்டுவது என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

திரும்பிவிடலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. இரைச்சல் குறைந்த கடைப்பக்கம் திரும்பிவந்து, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இருக்கும் இடத்தில் முருகையா என்பவரைப் பிடித்தோம். ஐம்பது வயது இருக்கும், அகலமான கை. தேய்க்க இருநூற்றைம்பது, அருவிக்குள் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவர இன்னொரு நூறு. முதுகில் அவர் இரண்டு கையாலும் சீராகத் தட்டத் தட்ட, அப்பாவின் விரல் நடுக்கம் அடங்கிப்போனது. “அண்ணாச்சிக்கு லோடு ஏத்துன உடம்புல்லா! எண்ணெய குடிக்குது பாருங்க,” என்றார் முருகையா. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் கிட்டே போய்ச் சொன்னேன். “அண்ணாச்சி, அப்பா நடுவுல நின்னுட்டாங்கன்னா கை தட்டுங்க.”

“கை தட்டவா? கோழியவா வெரட்டப் போறோம்?”

காத்திருந்த மூன்று ஆண்கள் சிரித்தார்கள். ஒருவர், “அடுத்து விசில் அடிக்கச் சொல்லுவா போல,” என்றார். எனக்கு முகம் எரிந்தது. சொல்ல வேண்டிய இரண்டாவது வாக்கியம் வாய்வரை வந்தது. இழுக்காதீங்க. அந்த ஒன்றுதான் பாக்கி. சொல்லவில்லை. துண்டை மடித்து அப்பாவின் தோளில் போட்டுவிட்டு விலகி நின்றேன்.

கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். முருகையா நான் சொன்னதைச் செய்தார். கேலியாகவே ஆனாலும் கையைத் தலைக்குமேல் தூக்கித் தட்டியபடி முன்னால் போனார், அப்பா பின்னால் நடந்தார். தண்ணீர் விழும் இடத்துக்கு ஏழெட்டு அடி இருக்கும்போது, கூட்டத்தை நகர்த்த போலீஸ்காரர் விசில் ஊதினார். அப்பா நின்றுவிட்டார். முருகையா தட்டினார். கைகள் சேர்ந்து பிரிவது எனக்குத் தெரிந்தது, சத்தம் எனக்கும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற அப்பாவுக்கும் கேட்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். நல்ல மனிதர் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் முருகையா செய்தார். அப்பாவின் இரண்டு கையையும் பிடித்து மெல்ல இழுத்தார்.

நான் கத்தினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சத்தமாகக் கத்தியது அப்போதுதான். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

உடம்பு இடுப்புவரை வந்தது, கால் வரவில்லை. அப்பா பக்கவாட்டில் விழுந்தார். அருவித் தண்ணீர் அவர் தலையில் விழவே இல்லை, சாரல் மட்டும்தான். மணி 8.10.

தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருந்தது. தென்காசியில் எக்ஸ்ரே, திருநெல்வேலியில் அறுவை சிகிச்சை, பத்தொன்பது நாள். முதல் நாள் முருகையா ஈரக் கைலியோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து, வாங்கிய பணத்தை என் கையில் வைத்தார். “எம்மா, நான் கையப் புடிச்சது தப்பாயிட்டா?” என்று கேட்டார். “இல்ல அண்ணாச்சி, பாசி வழுக்கிட்டு,” என்றேன். டாக்டரிடம் அப்பாவும் அதையேதான் சொல்லியிருந்தார். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது கார்த்திகை. அப்பா நடக்கவில்லை. பிசியோதெரபி அக்கா இரண்டு முறை வீட்டுக்கே வந்து, வாக்கரைப் பிடித்து நிறுத்திக் கைதட்டிப் பார்த்தார். முழங்கால் நடுங்கியது, பாதம் எழவில்லை. “விழுந்த பயம் உள்ள இருக்கும்மா. தட்டுறது காதுக்குப் போகுது, காலுக்குப் போகல,” என்றார். செயலியை நான் ஓடவிட்டால் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி, “அத அமத்துட்டி, தலை வலிக்கு,” என்கிறார்.

போக நினைப்பவர்களுக்கு: தாளம் உதவும், அதில் சந்தேகம் வேண்டாம், என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அது காதுக்கு எட்டுகிற இடம்வரைதான் உதவும். அருவிக்குக் கிட்டே போகாதீர்கள், தள்ளி நின்று பார்த்தாலே சாரல் வரும். குளித்தே ஆக வேண்டுமென்றால் லாட்ஜ் அறையில் வாளித் தண்ணீர் போதும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், அந்த நோயை அறிந்த ஒருவர் கூட வரவேண்டும். வேறொருவரிடம் ஒப்படைக்கும்படி ஆனால், “இழுக்காதீங்க” என்பதை முதலில் சொல்லுங்கள், கைதட்டுவதைப் பிறகு சொல்லலாம். சிரித்தால் சிரிக்கட்டும், இன்னொரு முறை சொல்லுங்கள்.

போன வாரம் அப்பாவிடம் அதைச் சொன்னேன். “இழுக்காதீங்க” என்பதை முருகையாவிடம் சொல்லாமல் விட்டேன் என்று. “நீ சொல்லியிருந்தாலும் அந்த இரைச்சல்ல அவனுக்குக் கேட்டிருக்காது பிள்ள,” என்றார். எண்ணெய் தேய்த்த இடத்தில் நாங்கள் எல்லோரும் சாதாரணக் குரலில்தான் பேசிக்கொண்டிருந்தோம். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அம்மா இன்னும் பாசியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மருந்துச் சீட்டிலிருந்து ரேஷன் கடைக் குறுஞ்செய்திவரை எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அவளுக்கு வாசித்துச் சொல்வது நான்தான். இதை வாசித்துச் சொல்லவில்லை.