தோற்றவர் வீட்டுத் தண்ணீர்

குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும். புஸ்ஸென்று ஒரு சீறல், இரண்டு இருமல், அப்புறம்தான் தண்ணீர். நான் ஊராட்சி செயலராக வேலை பார்த்த ஊரில், வாடகைக்குக் குடியிருந்த வீட்டில், என் விடியற்காலைகளெல்லாம் அந்தச் சீறலோடுதான் தொடங்கின. உள்ளாட்சித் தேர்தல் முடிவு வந்த மறுநாள் மட்டும் அது கேட்கவில்லை. ஆறு மணி ஆனது, ஆறரை ஆனது. தெருக் குழாயடியில் வரிசையில் வைத்த குடங்கள் வைத்தபடியே இருந்தன. பெண்கள் யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் ஊர்க் குழாயடியில் சண்டை இல்லையென்றால் அதைவிடப் பெரிய சண்டை எங்கோ காத்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது ஓய்வு பெற்றுச் செஞ்சியில் இருக்கிறேன். காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கப் போனால் பேப்பர் படிக்கிறவர்கள் என்னை விடுவதில்லை. உலகத்தில் ஏதாவது ஒரு நாட்டில் ஒரு தலைவர் தோற்றுப்போய், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சார், நீங்க கவர்மென்ட்ல இருந்தவரு. சொல்லுங்க, எறங்குவாரா, மாட்டாரா?" என்பார்கள். எனக்கு அந்த நாட்டுத் தலைவரைத் தெரியாது. எங்கள் ஊர்த் தலைவரை மட்டும் தெரியும். அவரே இறங்குவாரா மாட்டாரா என்று ஒரு காலை முழுக்கத் தெரியாமல் நின்றவன் நான்.

தலைவர் இரண்டு முறை தொடர்ந்து ஜெயித்தவர். உழைப்பாளி, முன்கோபி. விடிந்தும் விடியாமலும் போன் அடித்து, "யோவ் கிளார்க்கு, மேட்டுத் தெருவுல லைட்டு எரியல, நீ தூங்கினு இருக்கிறியா?" என்பார். செயலர் என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. நல்லது செய்தாலும் திட்டிக்கொண்டேதான் செய்வார். செஞ்சிப் பக்கம் பூமி எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கே தோண்டினாலும் பாறை. ஊராட்சி போட்ட போர்வெல்களெல்லாம் புழுதியைக் கக்கிவிட்டு நின்றுபோன ஒரு வருடம், தலைவர் தன் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலை போட்டிருந்த நிலத்தில், ஒரு மூலையைக் காட்டி, "இங்க போடுங்கடா" என்றார். தித்திப்பாகத் தண்ணீர் வந்தது. போர் ஊராட்சியுடையது, மோட்டார் ஊராட்சியுடையது, கரண்டு இணைப்பும் ஊராட்சி பெயரில்தான். நிலமும் மோட்டார்க் கொட்டகையும் மட்டும் அவருடையவை. ஒரு சென்ட் இடம். அதை எழுதி வாங்கியிருக்க வேண்டியவன் நான். அவசரத்தில் வாய்வார்த்தையாகவே வேலை முடிந்தது. அப்புறம் கேட்க வாய் வரவில்லை. தண்ணீர் கொடுத்த மனிதரிடம் போய்க் காகிதம் கேட்டால் அவரை நம்பாதது போல ஆகிவிடுமே என்று நினைத்தேன். என் உத்தியோகத்தில் நான் செய்த பெரிய தப்பு அந்த மரியாதைதான்.

மூன்றாவது முறை அவரை எதிர்த்து நின்றது அவருக்கே தூரத்து உறவில் அக்கா மகள் முறையாக வேண்டிய பெண். நூறு நாள் வேலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தவள். பிரசாரத்தில் அவரை ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. "மாமாவுக்கு வயசாயிடிச்சி, பாவம், ரெஸ்ட்டு குடுங்க" என்று வீடு வீடாகச் சொன்னாள். திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். வல்லம் ஒன்றிய அலுவலகத்தில் வாக்கு எண்ணி முடித்தபோது அவள் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தாள். தலைவர் தான் வந்த காரை அங்கேயே விட்டார். நடந்து போய் டவுன் பஸ்ஸில் ஏறி ஊருக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் தண்ணீர் வராததும் நான் ஆபரேட்டரைத் தேடிப் போனேன். தினமும் விடியற்காலையில் தலைவர் வீட்டில் சாவி வாங்கி, கொட்டகையைத் திறந்து, மோட்டார் போடுவது அவர் வேலை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். "எந்த மூஞ்சிய வச்சிக்கினு சாவி கேக்கறது சார்? எளவு ஊட்டுல போயி கல்யாண சாப்பாடு கேட்ட மாதிரி இருக்கும்" என்றார். உண்மைதான். தோற்றவர் வீட்டுப் பக்கம் அன்றைக்கு யாருமே போகவில்லை. அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள்கூடப் போகவில்லை. போய் என்ன சொல்வது?

ஆனால் ஊர் அதை அப்படிப் பார்க்கவில்லை. தலைவர் தண்ணீரை நிறுத்திவிட்டார் என்று பேச்சு பரவிவிட்டது. ஏழு மணிக்குள் ஜெயித்தவர்கள் பக்கத்து ஆட்கள் குழாயடியில் கடப்பாரையோடு நின்றார்கள். பூட்டை உடைக்க வேண்டும் என்றார்கள். தலைவரின் பங்காளிகள் நாலைந்து பேர் கொட்டகை வாசலில் கை கட்டி நிற்பதாகவும் செய்தி வந்தது. பட்டா நிலம், உடைத்தால் கேஸ், தடுத்தால் ரத்தம்.  ஜெயித்த பெண்ணிடம், "அரை மணி நேரம் குடும்மா, நான் போய்ப் பேசுறேன்" என்றேன். அவள் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, "சார் வர்ற வரைக்கும் ஒருத்தரும் நகரக் கூடாது" என்றாள்.

தலைவர் வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடியில் சாவி இருந்தது.

"வாய்யா கிளார்க்கு. நீயாவது வந்தியே. மணி இன்னா ஆவுது? ஒருத்தன் சாவி கேட்டு வந்தானா? தோத்தவன் ஊட்டு தண்ணி ஊருக்குக் கசக்குதா?"

"கேக்கப் பயப்படறாங்க தலைவரே" என்றேன்.

"பயப்படட்டும்னுதான் நெனச்சேன்." சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். "அஞ்சு மணிக்கே போயி புடுங்கினு வந்துட்டேன். ரெண்டு நாளு அலையட்டும், என் அருமை தெரியட்டும்னு. அப்பறம் இங்க வந்து ஒக்காந்தேன். யாராவது வந்து கேட்டா குடுத்துடலாம்னு இருந்திச்சி. செத்தாலும் குடுக்கக் கூடாதுன்னும் இருந்திச்சி. எவனும் வரல. எது நெஜம்னு எனக்கே தெரியல."

அவ்வளவு நாளும் நான் பயந்த மனிதர் அவர். அந்த நிமிடம் அவர்மேல் பாவமாக இருந்தது, பயமும் போகவில்லை. அப்போது தெருமுனையில் ஜெயித்த பெண் தனியாக வந்தாள். இடுப்பில் காலிக் குடம். நேராக வந்து அவர் முன்னால் நின்று, "மாமா, தண்ணி உடணும். சாவி குடு" என்றாள்.

"ஜெயிச்சவ மாலையோட வரணும். கொடத்தோட எதுக்குடி வந்த?"

"எங்க ஊட்லயும் தண்ணி இல்ல மாமா. கொழந்தைங்க மூஞ்சி கூடக் கழுவல."

தலைவர் காலிக் குடத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். சந்தோஷச் சிரிப்பில்லை; ஆனாலும் சிரிப்புதான். சாவியை அவள் கையில் போட்டுவிட்டு எழுந்து முன்னால் நடந்தார். கொட்டகை வாசலில் நின்ற பங்காளிகளை, "போங்கடா, ஊட்ல வேல இல்ல?" என்று விரட்டினார். பியூஸ் கட்டையைத் தன் கையாலேயே மாட்டினார். "போடு" என்றார். அவள் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். மோட்டார் உறுமியபோது நான் அங்கே இருந்த மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் திரும்பி, "கிளார்க்கு, பேனா இருக்குதா?" என்றார். "இன்னிக்கி குடுத்துட்டேன். நாளைக்கி எவனாவது ஏத்தி உட்டா என் புத்தி எங்க போவும்னு சொல்ல முடியாது. இந்த ஒரு சென்ட்ட ஊராட்சி பேருக்கு எழுதிடு. இப்பவே மனு எழுது, கையெழுத்துப் போடறேன்." வருடக்கணக்காக நான் கேட்கக் கூசியதை, என் வெட்கம் தீர அவரே கேட்டார்.

மனு எழுதுவது சுலபம். காகிதம் நகர்வதுதான் கஷ்டம். அவள் பதவியேற்க வேண்டும், தீர்மானம் போட வேண்டும், நிலத்தை அளக்க வேண்டும். அந்த வாரங்களில் தலைவர் இரண்டு தடவை முறுக்கிக்கொண்டார். அவருடைய மகனே, "ஏமாளி" என்று சொன்னானாம். சாவி இப்போது ஆபரேட்டரிடமே இருந்தது, ஆனால் நிலம் இன்னும் அவருடையதுதானே. ஒருநாள் போனில் கத்தினார்: "இன்னாய்யா ஆச்சி அந்தக் காகிதம்? நான் எத்தினி நாளுதான் நல்ல மனசோட இருக்கிறது?" போனை வைத்தபின் நான் தனியாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு அன்றைக்கே செஞ்சிக்கு ஓடினேன்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை, மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் செஞ்சி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தோம். கொடுப்பவர் அவர், ஊராட்சிக்காக வாங்கிக்கொள்பவள் அவள். பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து தெருவிளக்கு விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அதைக் கேட்கவே எனக்கு நிம்மதியாக இருந்தது. அலுவலகத்தில் முறை வந்தது. அதிகாரி பத்திரத்தைப் புரட்டிவிட்டு, எல்லோரையும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "யாராவது வற்புறுத்தி எழுதிக் குடுக்கறீங்களா?"

தலைவர் அவளையும் என்னையும் ஒரு தடவை பார்த்தார். 

"ஆமாங்க" என்றார்.

அதிகாரி நிமிர்ந்தார். "யாரு?"

"நான்தாங்க. என்ன நானேதான் புடிச்சி இழுத்துனு வந்திருக்கிறேன். சட்டுனு ரேகைய வாங்கிக்குங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். தலைவர் பெருவிரலை வைத்தார். வெளியே வந்ததும் தலைவர் படியில் உட்கார்ந்து, "அப்பாடா" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

மறுபடி தேர்தல் வரப்போகிறது என்கிறார்கள். தலைவரும் நிற்கிறாராம், அவளும் நிற்கிறாளாம். சண்டை பலமாக இருக்கும் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். அவர் ஜெயிக்கட்டும், தோற்கட்டும், கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ளட்டும். மறுநாள் காலையில் ஊருக்குத் தண்ணீர் வரும். அதற்கு இனி யாருடைய நல்ல மனசும் தேவையில்லை.