மேட்டிலிருந்து இறங்கிய வீடு

அறுபதுகளில் வடக்கே ஷாதிபூர் மேட்டில், சர்க்கார் நிலத்தில் மூங்கில் குடிசை போட்டு நானும் மனைவியும் இருந்தோம். பன்னிரண்டு கால்கள், ஒரு கதவு, கூரையில் ஒன்பது ஒழுகல். வீடில்லாத எங்களுக்கெல்லாம் சர்க்கார் கீழே பள்ளத்தில் மனை அளந்து கொடுத்தது. ஒரே நிபந்தனை: நிலம் அளக்கும் அமீன் பார்க்க வரும்போது மனையில் வீடு நிற்க வேண்டும், குடியிருப்பதற்கு அடையாளமாக வீட்டுக்குள் நெருப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனை வேறொருவருக்கு.

விடாத மழையில் குடிசையைப் பிரிக்க முடியவில்லை. மழை விட்ட அன்று மாலையே அமீன் வருகிறார் என்றார்கள். அடுத்த குடிசை வங்காளி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "பிரிக்கறது எதுக்கு பாய்? பூரா கர், பூரா வீடு தூக்கு. ஆளு இருக்கு."

கால்களைத் தோண்டியெடுத்து, என்னோடு பதினெட்டுப் பேர் தூக்கினோம். மனைவி வெளியே வரவில்லை.

"வெறகெல்லாம் ஈரம். இது அணைஞ்சா வேற பத்தாதுங்க" என்று கங்குச் சட்டியை ஏந்தி வீட்டுக்குள்ளேயே நடந்தாள். ஆக, வீட்டுக்கு நடக்கிற கால்கள் முப்பத்தெட்டு. சேற்றில் ஒருவர் வழுக்கினால் கூரையே தலையாட்டியது. சிரித்துச் சிரித்துக் கை தளர்ந்தது.

வழிகாட்டிய தெலுங்கர் எங்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தார். அவர் வலது என்றது எங்களுக்கு இடது. வீட்டை இறக்கியபோது அமீன் வந்துவிட்டார். திருநெல்வேலிக்காரர். நெருப்பைப் பார்க்கக் குனிந்து உள்ளே போனார்.

வங்காளி தரையில் அடித்திருந்த முளைக்கம்பில் மனை எண்ணைப் பார்த்தார். "பாய், இது என் மனை. உன் கர் எனக்கு வந்தாச்சு."

என் மனை காலியாகப் பக்கத்தில் கிடந்தது. "அமீன் சாப் வெளிய வர்றதுக்குள்ள தூக்கு" என்று அவரே கிசுகிசுத்தார். தூக்கினோம்.

உள்ளேயிருந்து அமீன் குரல்: "என்னம்மா, வீடு போகுது?"

"நீங்களும் கூடவே நடங்க சார். நின்னா சுவரு இடிச்சிரும்."

இறக்கியதும் அமீன் முழங்கால்வரை சேற்றோடு வெளியே வந்தார். முளைக்கம்பைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னவே, வீடு நிக்கணும்னுதான சொன்னோம். இது நின்னுட்டுதா, இல்ல இன்னும் போகுமா?"

"நின்னுருச்சு சார்" என்றேன். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

கதவு மட்டும் பின்பக்க மண்மேட்டைப் பார்த்து இருந்தது. இன்னொரு தடவை தூக்கித் திருப்பலாமா என்று கேட்டேன். பதினேழு பேரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள்.